ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி

எனக்குச் சத்தம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இந்தத் தோப்பு வீட்டில் முன்பு ஒரு பழைய மோட்டார் இருந்தது. அது ஓடினால் எனக்கு மண்டை இடிக்கும். சண்டை பிடித்து மாற்ற வைத்தேன். நீங்கள் மூணாறிலிருந்து மலையிறங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மேடம். முதலில் மோர் குடியுங்கள். ஓடிப்போகிற ஆள் இல்லை நான், நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் தொழிற்சாலைத் துறையின் முடிவு வந்த பிறகுதான் எலக்ட்ரீஷியன் பாண்டீஸ்வரனை வேலையை விட்டு எடுப்பதா வேண்டாமா என்று எஸ்டேட் தீர்மானிக்கும் என்றீர்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அது எனக்கும் தெரியும். அதனால்தான் எதையும் விடாமல் சொல்ல நினைக்கிறேன்.

பூபதிராஜா என்கிற என் பெயருக்கு எங்கள் கம்பெனியில் கம்பைலர் என்று பொருள். தேயிலை ஃபாக்டரியில் மெஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கம்ப்யூட்டரில் எழுதுவார். அதை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். நான் செய்த கம்பைலருக்கு ஒரு குணம் உண்டு. வேலை ஒழுங்காக முடிந்தால் வாயைத் திறக்காது. தப்பு இருந்தால்தான் பேசும். கையேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன்: ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி.

கம்பைலரும் மனுஷன் எழுதியதுதானே, சில நேரம் அதுவே பாதி வேலையில் விழுந்துவிடும். அப்படி விழுந்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் கத்தும். எந்தப் பகுதியில் விழுந்தது, அந்தப் பகுதியை எழுதியது யார் என்று எங்கள் ஆபீஸுக்கும் செய்தி போகும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் தமிழ்ப்ரியா. வண்ணாமடைக்காரப் பெண், படு கெட்டிக்காரி. அவள் வேலையில் எனக்கிருந்த ஒரே மனத்தாங்கல், அது பெயர் சொல்லும் என்பதுதான். விழுந்ததில் பாதிக்கு மேல் என் பகுதி. திங்கள்கிழமை மீட்டிங்கில் எங்கள் தலைவர் ஜோபி சார் அந்தத் திரையைத்தான் முதலில் போடுவார். என் பெயர் மேலிருந்து கீழ் வரை சிவப்பாக நிற்கும். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்தச் சமயத்தில்தான் கம்பைலர் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று ஃபாக்டரிகளிலிருந்து புகார் வந்தது. அங்கே இருப்பதெல்லாம் பழைய கம்ப்யூட்டர். கம்பைலர் பல துண்டுகளாக எழுதப்பட்டது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்போம். இணைக்கிற நேரத்தில் மொத்தத்தையும் ஒரு பார்வை பார்த்து, வேண்டாததை வெட்டி, வேண்டியதைப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளச் சொல்லலாம். லிங்க் டைம் ஆப்டிமைசேஷன் என்பார்கள். ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன். கம்பைலர் பறந்தது. அந்த வாரத்திலிருந்து சிவப்புத் திரையும் காலி. ஜோபி சார் எல்லார் முன்னாலும் என்னை வாய்விட்டுப் புகழ்ந்தார்.

நான் மனசாட்சி உள்ளவன். அதனால் வேண்டுமென்றே ஒருமுறை கம்பைலரை விழவைத்துப் பார்த்தேன். விழுந்தது. சிவப்பும் இல்லை, செய்தியும் இல்லை. காரணத்தைச் சீக்கிரமே பிடித்துவிட்டேன். அந்த வெட்டல் ஒட்டலில், விழுந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று குறித்துவைக்கிற இடம் ஒன்று இரண்டாகிவிட்டது. தமிழ்ப்ரியா செய்த ஏற்பாடு ஒன்றில் பதிந்திருக்கிறது. விழுகிற நேரத்தில் கம்பைலர் போய்ப் பார்ப்பதோ மற்றொன்றை. அங்கே யாரும் இல்லை. பாகம் பிரித்த வீட்டில் அண்ணன் வாசலில் காலிங்பெல்லை மாட்டிவிட்டுத் தம்பி வாசலில் காத்திருப்பது மாதிரி. அந்த வரியை எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். வேகம் போயிருக்கும், சத்தம் வந்திருக்கும். நான் எடுக்கவில்லை. உடைத்தது இணைப்பு வேலைதான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்ப்ரியா ஒரு நாள் போன் செய்தாள். "ஏனுங்ணா, ரிப்போர்ட்டு ஒண்ணுமே வரக்காணமுங்க. நெசமாலுமே எங்கயும் உழுகறதில்லீங்களா?"

"உழுந்தாத்தான அம்மிணி வரும்," என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அவள் சிரித்தாள். "அப்ப எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிப்போட்டீங்க," என்றாள். கொஞ்ச நாளில் அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். காலியாக இருக்கிற திரையைப் பார்க்க ஆள் எதற்கு?

பாண்டீஸ்வரனை நான் நேரில் பார்த்ததில்லை. மூணாறுக்கு மேலே அந்த எஸ்டேட் ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன், போனில் பழக்கம். அங்கே இலையை நறுக்குகிற மெஷினில் மூடியைத் திறந்தாலும் உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது போய் ஸ்விட்சை அணைக்க வேண்டும். மூடியைத் திறந்த உடனே தானாக நிற்கும்படி அவர் புதிதாக எழுதினார். நல்ல காரியம்தான். என் கம்பைலர் அந்த இடத்தில் விழுந்தது. என் பகுதியில்தான் விழுந்தது, மறைக்கவில்லை. கம்பைலர் விழுந்தால் புதிய ஃபைல் உண்டாகாது. பழையது அங்கேயே கிடக்கும், மெஷினில் ஏற்றினால் அதுதான் ஏறும். சிவப்பு எழுத்து வந்திருந்தால் அவர் ஏற்றியிருக்க மாட்டார். வரவில்லை, ஏற்றினார். மூடியைத் திறந்தால் இனி மெஷின் நின்றுவிடும் என்று எல்லாரிடமும் சொன்னார்.

மறுநாள் காலை ஷிஃப்டில் இலை சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து கையை விட்டவர் கற்பகம். மெஷின் நிற்கவில்லை. வலது கை, மணிக்கட்டு வரைக்கும். கற்பகம் பாண்டீஸ்வரனின் மனைவி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இனிமேல் பயமில்லாமல் கையை விடலாம் என்று வீட்டில் சாப்பிடும்போது அவரே சொல்லியிருந்தாராம். கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று மத்தியானம் நான் சாப்பிடவே இல்லை, வேண்டுமானால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனி சார்பில் விளக்கம் எழுதும் பொறுப்பை ஜோபி சார் என்னிடம் கொடுத்தார். கம்பைலரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்று எங்கள் கம்பைலரிலிருந்து பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்று எழுதினேன். உண்மை. எலக்ட்ரீஷியன் ஏற்றியது பழைய புரோகிராம் என்று எழுதினேன். அதுவும் உண்மை. ஓட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து சோதிக்கவில்லை என்றும் எழுதினேன். இலை மலை மாதிரிக் குவிந்து கிடந்ததாம், மேனேஜர் அவசரப்படுத்தினாராம். அது கம்பைலர் சம்பந்தப்பட்டது இல்லை என்பதால் வெட்டிவிட்டேன்.

அதை வைத்துத்தான் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அவரும் எதிர்த்துப் பேசவில்லை. "எங்கையாலதான் அவ கை போச்சு" என்று உங்களிடமே சொன்னாராமே. ஆஸ்பத்திரியில் மனைவிக்கு ஊட்டிவிடும்போதுகூட நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை என்றீர்கள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

தமிழ்ப்ரியா உங்களிடம் வராமல் இருந்தால் இதெல்லாம் இத்தோடு போயிருக்கும். விபத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே பழைய வேலையை எடுத்துத் தோண்டியிருக்கிறாள். அந்த வரியைக் கண்டுபிடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். "உங்கள அண்ணான்னு கூப்புட்ட வாயக் கழுவோணுமுங்க," என்றாள். அப்புறமும் ஏதேதோ சொன்னாள், அழுதாள் என்று நினைக்கிறேன். போனை மேஜையில் வைத்துவிட்டேன். எனக்குச் சத்தம் ஆகாது என்று முதலிலேயே சொன்னேனே.

நீங்கள் வந்ததிலிருந்து ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். ஏற்றுவதற்கு முன் பாண்டீஸ்வரன் எனக்குப் போன் செய்தாரா? அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கம்பைலர் சார் சரியாகத்தான் சொல்லியிருப்பார், தான்தான் எங்கேயோ பிசகிவிட்டோம் என்று நினைக்கிறார் போல, என்றீர்கள். அப்படிப்பட்ட மனிதர்தான்.

செய்தார்.

"சார், ஒரு சந்தேகம். எப்பவும் கொஞ்ச நேரம் ஓடும், இன்னிக்குச் சட்டுன்னு நின்னுருச்சு. செவப்பா ஒண்ணும் வரல. ஏத்தலாமா சார்? பொம்பளைக கைய விடுற எடம், அதான் கேக்கேன்."

சட்டென்று நின்றது என்றால் விழுந்துவிட்டது என்று பொருள். அது எனக்கு அந்த நிமிடமே தெரியும். பொறுங்கள், ஏற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அவருக்குச் சொன்னால் தமிழ்ப்ரியாவுக்குச் சொல்ல வேண்டும், ஜோபி சாருக்குச் சொல்ல வேண்டும், திங்கள்கிழமை என் பெயர் மறுபடியும் சிவப்பாக நிற்கும். அதனால் கையேட்டில் உள்ளதைச் சொன்னேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீன்னா சரியாயிருச்சுன்னு அர்த்தமுங்க. ஏத்தி ஓட்டுங்க."

"ரொம்ப நன்றி சார்," என்றார்.

இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம், அதுதான் நியாயம். அதற்குப் பிறகு பாண்டீஸ்வரன் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. திட்டவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கற்பகமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு என்மேல் குறை எதுவும் இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.