ஒருத்தியாகிப்போன இரட்டையர்

ஐயம் கொள்வதையே அறமாகக் கொண்டவரே, கணினி சொன்னதைக் கண்ணால் கண்ட பிறகே நம்புகிறவரே, முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் துறையின் மூன்றாவது அறையில் முதுகு வளையாமல் பணியாற்றி இன்று விடைபெறும் பேராசிரியரே, எங்கள் எல்லோருக்கும் அக்காவே, வணக்கம்.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற நூலகருக்கு நாங்கள் வாசித்த மடலில் ‘மைதானத்தில் மின்னலாய்ப் பாய்ந்தவரே’ என்றொரு வரி வந்தது. அது அதற்கு முந்தைய ஆண்டு உடற்பயிற்சி ஆசிரியருக்கு எழுதியது. பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியது எங்கள் கைவண்ணம். மண்டபமே கைதட்டியது. நீங்கள் மட்டும், “மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குவாரே, இவர் எந்த மைதானத்துல பாஞ்சாரு?” என்று கேட்டீர்கள். ஆகவே இம்மடலை வெற்றுத் தாளில் தொடங்கினோம். உங்கள் வழக்கப்படி, இருவர் தனித்தனியாகச் சரிபார்க்காத வரி எதுவும் இதில் இல்லை.

நீண்ட பட்டியல்களில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கணினி அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே உங்கள் ஆய்வு. அதைப் படித்தவர்கள் சிலர். வாரப் பத்திரிகையில் பதினான்கு ஆண்டுகள் நீங்கள் எழுதிய பக்கத்தைப் படித்தவர்களோ பலர். எரியாத தெருவிளக்கை எரிவதாகக் காட்டிய நகராட்சிக் கணினியை நீங்கள் சந்தி சிரிக்க வைத்த வாரம், முடிதிருத்தும் கடையில் அந்த இதழுக்கு வரிசை நின்றது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, தையற்காரி ஒருவர் அதே இதழைச் சுருட்டிப் பிடித்தபடி உங்கள் அறைக்கு வந்தார். நகராட்சி கட்டிய வீடுகளுக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. கூடப் பிறந்த இரட்டைச் சகோதரியின் பெயர் இருந்தது. இருவரும் ஒரே ஆள் என்று கணினி ஒரு பெயரை அடித்துவிட்டதாம்.

“என்னைக் கிள்ளினா அவளுக்கு வலிக்குமா மேடம்? அப்புறம் எப்படி ரெண்டு பேரும் ஒரே ஆளு?” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவி கொடுக்கிறார்கள். திங்களன்றே அவரை அழைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனீர்கள்.

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது மேடம்” என்றார் அதிகாரி.

“பண்ணும் சார். அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே தராங்க” என்றீர்கள்.

மூன்று முறை கேட்ட பிறகு விதியைக் காட்டினார். பிறந்த தேதி, தகப்பன் பெயர், வீட்டு எண் மூன்றும் ஒன்றானால் ஆளும் ஒன்று. அதைப் படித்ததும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அதே வரியை மறுபடியும் படித்தீர்கள் என்று தையற்காரி பிற்பாடு சொன்னார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நகராட்சிக்கு நீங்களே எழுதிக் கொடுத்த விதியோ என்று உங்களுக்கு ஐயம் எழுந்தது. சொந்த ஞாபகத்தையும் நம்பாதவர் நீங்கள். பழைய அறிக்கையைத் தேடி வந்தீர்கள். துறை அலமாரியில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

அந்த மூன்று நாட்களைப் பற்றி மடலில் எழுதுவது வழக்கமில்லை. எழுதாவிட்டால் இது பொய்மடல். நீங்கள் உள்ளே வந்தால் நாங்கள் பேச்சை மாற்றினோம். துறையின் மானத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று சந்தேகப்பட்டோம். நீங்களும் சளைக்கவில்லை. மேசைக்குப் பூட்டுப் போட்டீர்கள்; அச்சு இயந்திரத்தில் தாள் வந்து விழும்வரை காவல் நின்றீர்கள்; எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். சரியாகத்தான் படித்தீர்கள். அறிக்கை துறைத்தலைவரின் இழுப்பறையில் இருந்தது எங்களில் நால்வருக்குத் தெரியும்.

வியாழன் மாலை உங்கள் பழைய மாணவரான துறைத்தலைவரே வாயைத் திறந்தார். “அக்கா, திங்கட்கிழமையே நகராட்சியிலருந்து போன் பண்ணிட்டாங்க. உங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன். இது வெளியே தெரிஞ்சா உங்க பேரு என்ன ஆகும்?”

“என் பேரு எல்லாப் பட்டியல்லயும் இருக்கு தம்பி. அந்தப் பொண்ணு பேருதான் இல்ல. எடு.”

எடுத்தார். விதி உங்களுடையதுதான். இரட்டையரை நீங்கள் அன்று யோசிக்கவில்லை. மறுநாள் காலை அறிக்கையுடன் நகராட்சிக்குப் போய், ‘பிழை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். சாவி வழங்குவது நின்றது. அறுபத்து மூன்று பெயர்கள் பட்டியலுக்குத் திரும்பின. அடுத்த வாரப் பக்கத்தில் அதையும் நீங்களே எழுதினீர்கள். அறிக்கையை ஒளித்தவர் யார் என்று மட்டும் எழுதவில்லை. அந்த மௌனத்துக்கு நாங்கள் இன்றுவரை பதில் மரியாதை செய்யவில்லை. ஒளித்தவர்கள் நாங்கள்தான் என்று இந்த மண்டபத்தில், எல்லோர் காதுபடவும் வாசிக்கிறோம்.

முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒரே மாதிரி முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நம்பிக்கை இல்லையென்றால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நலமாக இருக்கிறீர்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டு, இருவர் சொல்லும் ஒன்றாகவே இருக்க, நூறாண்டு நோயின்றி வாழ்க. எங்களைச் சந்தேகப்பட மாதம் ஒருமுறையாவது வந்து போங்கள்.

இம்மடலுக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். பின்பலகைக்கு மட்டும் ஆணி அடிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பேனாவை எடுப்பீர்கள் என்று தெரியும். திருத்திவிட்டு ஆணியை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

இருவர் இருவராகச் சரிபார்த்துக் கையெழுத்திடும்,
கணினித் துறையின் ஆசிரியர்கள், ஆய்வகத்தார், அலுவலகத்தார்