இரண்டு வீட்டுக்கு ஒரு கொடி

சாயங்காலம் ஐந்தரை மணி. ஐப்பசி மாசம், வானம் மூடி அதற்குள் இருட்டிவிட்டது. ஆரணியிலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில் ஒரே ஒரு மொபெட்... ஓட்டிப் போனவர் எல்லப்பன். நம்ம தறிப் பட்டறைத் தென்னரசுவின் தாய்மாமன். டேய் சதீஷ், சிரிப்பதென்றால் வெளியே போய்ச் சிரி. கரண்ட் வரும்வரை தறி ஓடப்போவதில்லை, வாயை மூடிக்கொண்டு கேள். இது அந்த மனுஷன் அழுதுகொண்டே சொன்னது.

எல்லப்பனுக்கு ஷாமியானா தொழில். அரசு மரியாதையோடு நடக்கும் சாவென்றால் பந்தல், மலர்வளையம், பெட்டிமேல் போர்த்தும் தேசியக் கொடி எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வாரம் ஆற்றில் சிக்கியவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒருவர் ஆரணி தருமன். மற்றவர் வந்தவாசிப் பக்கம் ரங்கசாமி. ஒரே நாளில் இரண்டு அடக்கம்.

"கொடி ரெண்டு இருக்குதாய்யா?" என்று அதிகாரி கேட்டார். "இருக்குது சார்" என்று சொல்லிவிட்டார் எல்லப்பன். உண்மையில் நல்லது ஒன்றுதான், மற்றதை எலி கடித்திருந்தது. நாலு மணிக்குத் தருமன், ஆறு மணிக்கு ரங்கசாமி... ஒன்றை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

குழியில் இறக்குமுன் கொடியை எடுத்து, மடித்து, மனைவி கையில் கொடுப்பார்கள். தருமன் மனைவி கலைமகள் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதிகாரியின் ஜீப் கிளம்பியதும் எல்லப்பன் கையை நீட்டினார்.

"அத இப்பிடிக் குடும்மா. நாளைக்குப் புதுசே தர்றேன்."

"புதுசு எனக்கு வேணாங்க. அவரு மேல கெடந்தது இதுதானுங்க... இத எடுத்துகினு போவாதீங்க."

பிடுங்கத்தான் செய்தார். பையில் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டு வண்டியை முறுக்கினார்.

பாதி வழியில்... பட்... பட்... பட். ஈரத்துணி காற்றில் அடிக்கிற சத்தம். நிறுத்திப் பார்த்தார். பையின் ஜிப் போட்டது போட்டபடி இருந்தது. ஆற்றுச் சேற்று வாடை மட்டும் குப்பென்று வந்தது. நேரமாகிறதே என்று மறுபடியும் வண்டியை ஓட்டினார்.

ரங்கசாமி வீட்டில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றிருந்தார்கள். பையைத் திறந்தார். காலி! தலைகீழாக உதறினார். ஒரு பிடி ஆற்றுமணல் விழுந்தது.

"எங்கய்யா கொடி? எம்புள்ளய இப்பிடியே அனுப்பச் சொல்றியா?" ரங்கசாமியின் அப்பா எல்லப்பன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"வழியில வுழுந்துட்டுதுங்க... ஜல்தியா கொண்டாந்துடறேன்" என்று காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினார். செல்போன் வெளிச்சத்தில் ரோடு முழுக்கத் தேடினார். அங்கே ஒரு பிள்ளை பெட்டியில் காத்துக் கிடக்கிறான், இங்கே கொடி இல்லை. நடுரோட்டில் வாய்விட்டு அழுதிருக்கிறார்.

தேடிக்கொண்டே ஆரணி வரைக்கும் வந்து, கலைமகள் வீட்டில் போய் நின்றார். முன்னறையில் விளக்குக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே கொடி. மடித்தபடி, தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"இது... எப்பிடிம்மா இங்க?"

"அவருதாங்க கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு" என்றாள்.

எல்லப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு மணி நேரம் குடும்மா. ரங்கசாமி அங்க கெடக்குறாரு. நான் என்னா பதில் சொல்றது?"

"அவரும்தான் கூட வந்தாரு. தனக்குக் கொடி எப்ப வரும்னு கேட்டாரு. கொடிக்காரரு இங்கதான் வருவாரு, அவரையே கேளுங்கன்னு சொன்னேன்."

எல்லப்பன் குனிந்து தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து உள்ளே வந்த ஈரக் கால்தடம் இரண்டு பேருடையது... வெளியே போனது ஒருவருடையதுதான்.