நாற்பத்தேழு நிமிடம்

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீச்சல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் முக்கால் மணி நேரம் எத்தனை நீளம் என்று தெரியும். நீங்கள் உட்கார்ந்ததில்லை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி, ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதச் சொன்னீர்கள். அதில் எனக்குச் சிரமமில்லை. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று விளக்கிச் சொல்வது எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

முதலில் அந்த மண்டபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சுவரும் தரையும் ஓடு, மேலே தகரக் கூரை, நடுவில் தண்ணீர். ஓடு சத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளாது, திருப்பி அனுப்பும். அங்கே ஒரு பிள்ளை ஒருமுறை அழுதால் நான்குமுறை கேட்கும். குளத்தின் ஓரமாகப் பெற்றோர் உட்காரப் படிக்கட்டு இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, வகுப்பு முடியும்வரை வீட்டாரில் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்பது விதி. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணி. அந்த நேரத்தில் என் மனைவி மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்பாள். ஆகவே இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு.

பெரியவளுக்கு எட்டு வயது. சின்னவனுக்கு அப்போது ஐந்து மாதம். கன்னமும் தொடையுமாக இருந்தான் என்று அக்காக்காரி அவனுக்கு உருண்டை என்று பேர் வைத்தாள். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

உருண்டை அங்கே போனால் அழுவான். பசி இருக்காது, துணி ஈரமாக இருக்காது, சும்மாவே அழுவான். அவன் அழுதால் பெரியவள் பாதி நீச்சலில் தலையைத் தூக்கிப் படிக்கட்டைப் பார்ப்பாள். தலை மேலே வந்தால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் கால் தாழும், உடம்பு தண்ணீரில் கம்பம் மாதிரி நின்றுவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை ஆழமான பக்கத்தில் அப்படி நின்றாள். தலை இரண்டு தடவை உள்ளே போய் வந்தது. மூன்றாவது தடவைக்கு முன்னால் நீச்சல் டீச்சர் பாய்ந்து தூக்கிவிட்டார்.

"சார், மூணு வாரமா இதே கதைதான். ஒண்ணு அந்தக் கச்சேரிய வெளிய கொண்டு போங்க. இல்ல, இவள நிறுத்திடுங்க."

"நான் வெளிய போனா, என்னைக் காணோம்னு பயப்படறா டீச்சர்."

"அப்ப நீங்க ரெண்டு ஆளாப் பிரிஞ்சுக்குங்க. எனக்கு வேற வழி தெரியல."

பெரியவள் துண்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றாள். "அப்பா, என்னை நிறுத்திடாதப்பா. நான் காத மூடிக்கிட்டு நீந்தறேன்," என்றாள். காதை மூடிக்கொண்டு எந்தக் கையால் நீந்துவாய் என்று கேட்டேன். அவளும் சிரித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை உருண்டை ஆரம்பித்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்க நடைபாதைக்கு ஓடினேன். கடைசியில் ஓர் இரும்புக் கதவு. நாங்கள் அதைத் தாண்டும்போது கதவு திறந்து ஓர் ஆள் வெளியே வந்தார். உள்ளேயிருந்த சத்தம் எங்கள் மேல் ஓர் அலை மாதிரி வந்து விழுந்தது. உருண்டை பட்டென்று நிறுத்தினான். வாய் திறந்தபடியே கண் செருகியது.

அது பம்ப் அறை. குளத்தில் வழியும் தண்ணீர் ஓரக் கால்வாயில் விழுந்து, அடியிலுள்ள தொட்டிக்கு வந்து, பம்ப் வழியாக மணல் வடிகட்டிக்குப் போய், சூடாகித் திரும்பக் குளத்துக்கே போகும். மணலில் அழுக்கு சேர்ந்துவிடும் அல்லவா, அதைக் கிளறிவிடக் கீழேயிருந்து காற்றை ஊதுவார்கள். அதற்கென்று ஒரு புளோயர், ஆள் உயர இரும்புப் பெட்டிக்குள். மாலை ஐந்துக்குப் போட்டு ஆறுக்கு அணைப்பார்கள். அந்தச் சத்தத்தில் ஏற்றம் இறக்கம் கிடையாது. ஒரே கோடு. குழந்தையைத் திடுக்கிட வைப்பது சத்தம் இல்லை, சத்தத்தின் மாற்றம்தான். மாறாத சத்தம் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். நான் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரஸர் மெக்கானிக். இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளியே வந்த ஆள்தான் பம்ப் அண்ணன். இருபது வருடமாக அங்கேதான் வேலை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதையும் கத்தித்தான் பேசுவார். பிள்ளையை அவன் படுக்கும் பெல்ட் வைத்த கூடையோடு உள்ளே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இங்கயா? தம்பி, என் பொண்டாட்டி என்னை என்ன திட்டறான்னே எனக்குத் தெரியாது. எல்லாம் இந்தப் பெட்டி புண்ணியம். எனக்கு அது வசதி. பச்சப் புள்ளைக்கு எதுக்குப்பா?"

"முக்கா மணி நேரம்தாண்ணே."

"முக்கா மணியா. சரி, உன் புள்ள, உன் இஷ்டம்."

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நான் எதையும் செய்பவன் இல்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிற்சாலைச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. எத்தனை டெசிபல் சத்தத்தில் ஓர் ஆள் காதை மூடாமல் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற கணக்கு. எண்பத்தைந்தில் எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். எண்பத்தெட்டில் நான்கு, தொண்ணூற்றொன்றில் இரண்டு. எண் கொஞ்சம்தான் ஏறும், நேரம் சரசரவென்று இறங்கும். அழகான அட்டவணை. அடுத்த செவ்வாய்க்கிழமை சத்தம் அளக்கும் தொழிற்சாலை மீட்டரைக் கொண்டுபோய்க் கதவருகே பிடித்தேன். தொண்ணூற்றைந்து காட்டியது. அட்டவணையில் தொண்ணூற்றைந்துக்கு நேரே நாற்பத்தேழு நிமிடம். வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம். இரண்டு நிமிடம் மிச்சம். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

அட்டவணை வளர்ந்த ஆட்களுக்குப் போட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். பின்னால் பிள்ளையைப் பார்த்த காது டாக்டரும் பொதுவாக அப்படித்தான் சொன்னார். குழந்தையின் காதுத் துவாரம் சின்னதாகையால் அதே சத்தம் உள்ளே இன்னும் பெரிதாகிவிடுமாம், சின்னப் புட்டியின் வாயில் ஊதினால் கீச்சென்று கேட்கிற மாதிரி. அது எனக்குத் தெரியாத விஷயம். ரொம்ப அழகாக விளக்கினார்.

அன்றிலிருந்து எல்லாம் சீராயிற்று. ஐந்துக்குக் கூடையைக் கதவருகே வைப்பேன், பெல்ட் போடுவேன், போய்ப் படிக்கட்டில் மூன்றாவது வரிசையில் மஞ்சள் துண்டோடு உட்காருவேன். பெரியவள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் துண்டைப் பார்ப்பாள். நான் கையை உயர்த்துவேன். தலையைத் தண்ணீருக்குள் வைக்கக் கற்றுக்கொண்டாள். நீந்துவது அங்கேதான் தொடங்குகிறது. தலை உள்ளே போனால் மற்றதெல்லாம் தானாக மிதக்கும். டீச்சர் ஒருநாள் என்னிடம் வந்து, "கச்சேரி எங்க சார், காணோம்? யார்கிட்ட விட்டீங்க?" என்று கேட்டார். நல்ல ஆளிடம் விட்டிருக்கிறேன் என்றேன்.

காதை மூடும் இயர் மஃப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், கூடையை வைக்கவும் எடுக்கவும் உள்ளே போகும்போது நான் போட்டுக்கொள்வேன். அது தொழில் பழக்கம், கை தானாகப் போகும். அவனுக்கு ஏன் போடவில்லை என்றால், போட்டால் சத்தம் கேட்காது. சத்தம் கேட்காவிட்டால் தூங்க மாட்டான். பிறகு எதற்காக அங்கே கொண்டுபோவது?

ஏழாவது வாரம் ஒரு சின்னக் கோளாறு. கதவருகே வைத்தால் தூங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். எந்த இயந்திரமும் நாள்பட்டால் அமைப்பை மாற்றிவைக்கக் கேட்கும். கூடையை அறையின் நடுவே நகர்த்தினேன். தூங்கினான். பத்தாவது வாரம் அதுவும் போதவில்லை. புளோயர் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். அந்த இடங்களில் அளந்தீர்களா என்று கேட்டீர்கள். அளக்கவில்லை. மீட்டர் தொழிற்சாலையின் பொருள். அதை அடிக்கடி வெளியே எடுத்துவருவது முறையில்லை.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட அந்த நாள். பதினோராவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தோழி வீட்டில். உருண்டை பாயில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சப்பிக்கொண்டிருந்தான். வாசல் மணி இரண்டுமுறை அடித்தது. அவன் திரும்பவில்லை.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். அவன் முதுகுப் பக்கம் போய், எஃகுத் தட்டில் ஸ்பானரைப் போட்டேன். மூடியைச் சப்பிக்கொண்டே இருந்தான். இடது பக்கம் போட்டேன். வலது பக்கம் போட்டேன். பிறகு தரையை ஓங்கி மிதித்தேன். உடனே திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தான். அதாவது சத்தம் போகவில்லை, அதிர்வு போகிறது. பாயிலிருந்து உடம்புக்கு நேராகப் போகிறது.

குளியலறையிலிருந்து மனைவி, "என்னங்க அது, வீட்ட இடிக்கிறீங்களா?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்ல, ஸ்பானர் விழுந்திருச்சு."

"பய முழிச்சுக்கப் போறான்."

"முழிச்சுத்தான் இருக்கான். அழல," என்றேன்.

"தங்கப்பிள்ள," என்றாள்.

அன்று அவளிடம் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். பெரியவளுக்கு ஆழக்குளத் தேர்வு எட்டு வாரத்தில் இருந்தது. நிற்காமல் பத்துச் சுற்று. அப்போதுதான் ஆறாவது சுற்றுக்கு வந்திருந்தாள். போனது போய்விட்டது, போனதற்கு மேல் போக ஒன்றுமில்லை, இனி அந்த அறை அவனை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். என் கணக்கில் அது சரியாகத்தான் வந்தது. சத்தத்தால் போகிற காதென்றால் தொடக்கத்தில் ஒரு பகுதி மிச்சம் இருக்கும், உடனே நிறுத்தினால் அதையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் பிறகு பொதுவாகச் சொன்னார். அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூடையைப் பெட்டியோடு ஒட்டி வைத்தேன், அதிர்வு நேராக முதுகுக்குப் போகிற மாதிரி. இரண்டே நிமிடத்தில் தூங்கிவிட்டான். பம்ப் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பெட்டி மேலயே சாத்தி வெச்சிருக்கியே. புள்ள குலுங்குதுப்பா."

"தாலாட்டுண்ணே."

"என்னது?"

"தாலாட்டு."

அவருக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டிவிட்டுப் போனார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. பிள்ளை யாருடையதோ அவர்தான் பொறுப்பு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதையும் சேர்த்து எட்டு வாரம், பதினாறு வகுப்பு. ஒன்றுகூடத் தவறவில்லை. தேர்வு நாளன்று பெரியவள் பத்துச் சுற்றும் நீந்தி, குளத்தின் சுவரைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து மஞ்சள் துண்டைத் தேடினாள். எழுந்து நின்று கையைத் தட்டினேன். மண்டபம் முழுக்க எதிரொலித்தது. அப்படி ஒரு முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மனைவி கண்டுபிடித்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், கையைத் தட்டியிருக்கிறாள், சமையலறைப் பாத்திரத்தையெல்லாம் தட்டியிருக்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தபோது தரையில் மூடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காது டாக்டரிடம் போனோம். பிறந்தபோது எடுத்த காதுப் பரிசோதனை சரியாக இருந்தது, பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது என்றார். சில நேரம் பிறந்தபின் மெல்ல மெல்லவும் இப்படி வரலாம் என்றார். காய்ச்சல் வந்ததா, பெரிய சத்தம் ஏதாவது அருகில் இருந்ததா, தாய் கர்ப்பத்தில் வலுவான மருந்து எடுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

பெரிய சத்தம் எதுவுமில்லை என்று சொன்னது நான்தான். பிறகு மனைவியிடம் திரும்பி, "ஏழாம் மாசம் ஒரு ஊசி போட்டியே, அதச் சொல்லு," என்று நினைவுபடுத்தியதும் நான்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும் அல்லவா? டாக்டர் அதை எழுதிக்கொண்டார். காரணம் என்று அவர் சொல்லவில்லை. அவள்தான் அப்படி எடுத்துக்கொண்டாள். மருந்துக் கடையில் நின்றவள், ஒரு மருந்தின் தாளைப் படிக்காமல் விட்டேனே என்று வேலையை விட்டாள். அந்த ஊசியின் தாளை வாங்கிவந்து, மடிப்பு கிழியும்வரை படித்தாள். இப்போது பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவது குறைந்துவிட்டது. அது தவறு, உதட்டைப் பார்த்துத்தான் அவன் கற்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன்.

விஷயம் உங்கள் விசாரணைக்கு வந்தது பெரியவளால்தான். உருண்டையைக் கொண்டுபோகும் காதுப் பயிற்சி மையத்தில், தம்பிக்கு எந்த இடம் பிடிக்கும் என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்கள். மெஷின் ரூம், அப்பா அங்கதான் தூங்க வைப்பாரு, நான் நீந்தறதுக்காக என்றிருக்கிறாள். கேட்ட பயிற்சியாளரின் முகம் மாறியதைப் பார்த்தாளோ என்னவோ, அன்றிலிருந்து தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறாள். வருத்தமாக இருக்கிறது. அவள் கால் வீச்சு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஆகவே, ஆமாம். அந்த அறையில் அவனை வைத்தது நான். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தபிறகும் பதினாறு முறை வைத்தது நான். டாக்டரிடம் மறைத்தது நான். இந்தத் தாளை நாளை என் மனைவியிடம் காட்டப்போவதாகச் சொன்னீர்கள். அது உங்கள் வேலை. ஆனால் காட்டுவதற்கு முன் அவளைப் பற்றி ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் விளக்கை அணைக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அந்த ஊசியைப் போட்டுக்காம இருந்திருந்தா, அவனுக்கு என் குரல் தெரிஞ்சிருக்கும் இல்லீங்க?" என்று கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "நீ வேணும்னு செஞ்சியா என்ன?" என்றேன்.

ஒருநாளாவது, ஒரு வார்த்தையாவது, நான் அவளைக் குற்றம் சொன்னதில்லை. அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.