கையை இறக்குற வரைக்கும்

மணி மத்தியானம் ரெண்டே கால். தேர்வாய் கண்டிகை சிப்காட் மதில் முடிஞ்சு, உள்ளே ஊருக்குத் திரும்புற ரோடு. சித்திரை வெயில். ஷிப்ட் பஸ் எல்லாம் போயாச்சு. ஆள் இல்ல, லாரி இல்ல... தார் இளகுற வாசனை மட்டும். அந்த ரோட்டுல ஒரே ஒரு ஸ்கூட்டி போய்க்கிட்டு இருக்கு.

சிரிக்காதீங்க. பேய் ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரணும்னு அதுக்கு யாரும் ஷிப்ட் போட்டுக் குடுக்கல. ஹெலன், அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. கரண்ட் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். இது நம்ம ரூம் கிறிஸ்டினாவோட பெரியம்மா பொண்ணு சுகிர்தாவுக்கு நடந்தது. கிறிஸ்டினா ஊருக்குப் போனதால உங்களுக்கு அதிர்ஷ்டம். இருந்திருந்தா என் வாயைப் பொத்தியிருப்பா.

சுகிர்தா கடம்பத்தூர் பொண்ணு. பேச்சு, காது சம்பந்தமான படிப்பு. திருவள்ளூர் பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜ்ல, காது மூக்கு தொண்டைப் பிரிவுல வேலை. எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, நாளைக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா நாமளும் அங்கேதான் போய் நிக்கணும். அங்கே ஒரு ஆராய்ச்சி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கம்பெனியில மிஷின் சத்தத்துக்கு மேல நாம கத்திக் கத்திப் பேசுறோமே... அப்படி வருஷக்கணக்கா கத்துறவங்க குரல்வளை என்ன ஆகுதுன்னு பாக்குற ஆராய்ச்சி. கம்பெனி கம்பெனியாப் போய் நூத்தி நாப்பது பேரைக் கூட்டியாந்தாங்க. மூக்கு வழியா கேமரா விட்டுத் தொண்டையைப் பாப்பாங்க. அப்புறம் குரலைப் பதிவு பண்ணுவாங்க. பதிவு பண்றது சுகிர்தா வேலை.

அதுக்குன்னே ஒரு ரூம் இருக்கு. நாலு பக்கமும் ஸ்பான்ஜ் ஒட்டின சின்ன ரூம். கதவைச் சாத்திட்டா வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. ஒரு நாற்காலி, ஒரு மைக், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுகிர்தா, அவ கம்ப்யூட்டர், ஹெட்போன். உள்ளே இருக்கிறவங்க மூச்சை நல்லா இழுத்து, "ஆ..."ன்னு ஒரே மூச்சுல முடிஞ்ச வரைக்கும் சொல்லணும். நல்ல தொண்டைன்னா இருபது செகண்டு தாண்டும். கெட்ட தொண்டையில காத்து ஒழுகிடும். எட்டுலயோ பத்துலயோ நின்னுடும். பாதியில விட்டுடக் கூடாதுன்னு எல்லாருக்கும் அவ சொல்றது ஒண்ணேதான். "நான் கையைத் தூக்குனா ஆரம்பிங்க. கையை எறக்குற வரைக்கும் நிறுத்தாதீங்க." மூச்சு தீர்ந்ததும் அவளே கையை எறக்கிடுவா.

அதுல வந்தவர்தான் ராஜமாணிக்கம். ஐம்பத்திரண்டு வயசு. இரும்புக் கம்பி உருட்டுற ஆலையில இருபத்தாறு வருஷம். சூப்பர்வைசர் "இங்கேயே நில்லு"ன்னா, ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினாலும் நிக்கிற மனுஷன். கேமரா விட்டுப் பாத்தா, குரல் நாண்ல வெள்ளையா ஒரு திட்டு. டெஸ்ட் பண்ணாங்க... கேன்சர். குரல்வளையையே எடுத்தாகணும். அதுக்கப்புறம் மூச்சு கழுத்துல போடுற ஓட்டை வழியாத்தான். பேச்சுக் கிடையாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள். மார்கழி மாசம், மழை. கடைசியா ஒரு பதிவு எடுக்கணும்னு ராஜமாணிக்கத்தை ரூமுக்குள்ள உக்கார வச்சா. கையைத் தூக்குனா. அவர் ஆரம்பிச்சாரு. "ஆ..." சரளைக் கல்லு மேல சைக்கிள் உருட்டுற மாதிரி கரகரன்னு ஒரு குரல்.

போன் அடிச்சுது. பெரிய டாக்டர். எடுக்கலேன்னா கத்துவாரு. தூக்கின கையைத் தூக்கினபடியே, ஒரு நிமிஷம்னு காட்டுற மாதிரி வச்சுக்கிட்டு, சுகிர்தா வெளியே போயிட்டா.

ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் ஆச்சு. திரும்பி வந்தா, அவர் நிமிந்து உக்காந்திருக்காரு. கண்ணு சிவந்து போச்சு, கழுத்து நரம்பு கயிறு கயிறா நிக்குது. வாய் லேசா திறந்தே இருக்கு. பாவம், இவளுக்கு அதைப் பாக்க ஏது நேரம். "வாங்க ஐயா, டாக்டர் கூப்புடறாரு"ன்னு எழுப்பி அனுப்பிட்டா. ஃபாரத்துல எத்தனை செகண்டுன்னு ஒரு கட்டம். எழுதிட்டா... பதினாலு. எங்கிருந்து வந்துச்சு பதினாலு? அவ தலையில இருந்து வந்துச்சு. கம்ப்யூட்டர்ல பதிவான ஃபைலைத் திறந்துகூடப் பாக்கல.

இப்ப அந்த ஸ்கூட்டிக்கு வருவோம். ஆபரேஷன் ஆனவங்களை நாலு மாசம் கழிச்சுப் பாத்து எழுதணும்னு ஆராய்ச்சியில விதி. அதுக்குத்தான் அந்த வெயில்ல போறா. ராஜமாணிக்கம் வீட்டைக் கண்டுபிடிச்சுட்டா. இரும்புக் கதவு. தட்டுனா. அவர் சம்சாரம் சாராள் வந்து தாழ்ப்பாளை எடுத்தாங்க. உள்ளே செவுத்துல அவர் போட்டோ. கீழே அணைஞ்ச மெழுகுவத்தி.

சுகிர்தா செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போனா.

"ஆஸ்பத்திரிலேர்ந்தாம்மா வர்ற? லேட்டா வந்துட்டியே. பொங்கல் முடிஞ்சி நாலாம் நாளே பூட்டாரு"ன்னாங்க சாராள். அழல. அழுது தீர்ந்துபோன முகம். சொம்புல தண்ணி குடுத்துட்டு, எதிர்ல உக்காந்து மெதுவாச் சொன்னாங்க.

"ஆப்ரேசனுக்கு அப்பால அவரு தூங்கவே இல்லம்மா. ராவெல்லாம் குந்திக்கினு, வாயை இவ்ளோ பெருசா தொறந்துக்கினு, எதிர் செவுத்தையே பாத்துக்கினு கெடந்தாரு. மூடுய்யான்னா தலையை ஆட்டுவாரு, மாட்டேன்னு. செத்தப்பறமும் மூடல. தாடையச் சேத்துத் துணி கட்னோம்... அது அவுந்துக்கினே போச்சி."

பேச முடியாததால அவர் எழுதிக் காட்டின நோட்டை எடுத்துக் குடுத்தாங்க. புரட்டுறா. தண்ணி. ஃபேனைக் குறை. ஆட்டைக் கட்டியாச்சா. அப்படியே சாதாரணமாப் போகுது... கடைசி பத்துப் பக்கம் மட்டும் ஒரே வரி. பக்கத்துக்குப் பக்கம், கொட்டை எழுத்துல.

மேடம் இன்னும் கையை எறக்கல.

"எந்த மேடமோ, இன்னா கையோ. ஒண்ணும் புரியல எனுக்கு. உனுக்கு எதுனா தெரியுமா?"

"தெரியலம்மா"ன்னா சுகிர்தா. வாய் கூசாத பொய். ஆனா தான் பண்ணது என்னன்னு அந்த நிமிஷம் அவளுக்கு முழுசாப் புரிஞ்சு போச்சு.

கிளம்பும்போது சாராள் அவ கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "போட்டோ பத்து கீது. கொரலு ஒண்ணுகூட இல்ல. பட்டன் போன் வச்சிக்கினு இருந்த ஆளு அவரு. உங்க மிஷின்ல அவரு கொரலைப் புடிச்சி வச்சிக்கிறீங்களாமே? ஒரே ஒருக்கா கேட்டாப் போதும்மா. அப்பறம் எனுக்கு எதுவும் வேணாம்."

"இன்னைக்கே அனுப்புறேன்"ன்னு நம்பர் வாங்கிக்கிட்டு, தன் பேரையும் நம்பரையும் குடுத்துட்டு வந்தா. அந்த ஒண்ணையாவது ஒழுங்காச் செய்யணும்னு மனசு அடிச்சுக்குது. திரும்பி வர ஒண்ணேகால் மணி நேரம். வழி பூரா அழுதுக்கிட்டே ஓட்டியிருக்கா.

காலேஜுக்கு வந்து சேரும்போது நாலரை. வெளியே நல்ல வெளிச்சம். மாடியில டெக்னீஷியன் அன்புசெல்வன் மட்டும் இருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவ கம்ப்யூட்டர் இருக்கிற ரூமைத் திறந்ததும் ஒரு வாசனை. எப்பவும் வர்ற ஸ்பிரிட் வாசனை இல்ல... காய்ஞ்ச கிரீஸும் சூடான இரும்பும் கலந்த வாசனை. ஆலைக்காரங்க சட்டையில வருமே, அது.

ஹெட்போனை மாட்டிக்கிட்டு ராஜமாணிக்கம் ஃபைலை ஓட விட்டா. "ஆ..." கரகரன்னு அதே குரல். உள்ளே இருக்கிறவங்க கூடப் பேசுற சுவிட்சை அன்னைக்கு அணைக்காமலே விட்டிருந்தா போல, பின்னாடி அவ போன் அடிக்குது. அவ செருப்புச் சத்தம். கதவு சாத்துற சத்தம். குரல் நிக்கல. பதினாலு செகண்டு தாண்டிச்சு. முப்பது. ஒரு நிமிஷம். நடுவுல மூச்சு இழுக்குற சத்தமே இல்ல. மனுஷ மூச்சு அவ்வளவு தூரம் வராது. அவ படிச்ச படிப்பே அதுதானே...

ஸ்டாப் அமுக்குனா. நிக்கல.

ஃபைலையே மூடினா. "ஆ..."

ஹெட்போனைக் கழட்டினா ரூம் அமைதி. ஃபேன் சத்தம் மட்டும். மறுபடி மாட்டினா, "ஆ..." அன்புசெல்வனைக் கூப்பிட்டா. "சிஸ்டம் பேஜாராயிட்ச்சா"ன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தான். ஹெட்போனைக் காதுல வச்சான். ஒரு அஞ்சு செகண்டு இருக்கும். கழட்டி மேசை மேல மெதுவா வச்சுட்டு வெளியே போனவன்தான். டிபன் பாக்ஸைக்கூட எடுக்கல.

அப்பத்தான் அவ திரையைப் பாத்தா. ஓரத்துல ஒரு பச்சைக் கோடு உண்டு. உள்ளே இருக்கிற மைக்ல சத்தம் விழுந்தா மட்டும் அது ஏறி எறங்கும். இப்ப ஏறி நிக்குது. அப்ப... இது பழைய பதிவே இல்ல. அந்த ரூமுக்குள்ள இருந்து, இந்த நிமிஷம் வர்ற குரல்.

கண்ணாடி வழியாப் பாத்தா. காலி நாற்காலி. மைக் தலையில மாட்டின பஞ்சு உறை மட்டும், யாரோ நேரா மூச்சு விடுற மாதிரி... துடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

நானா இருந்தா மாடியில இருந்து குதிச்சிருப்பேன். ஹெலன், நீயும்தான், பெரிசா பேசாதே. அவளும் கதவு வரைக்கும் போயிட்டா. ஆனா அந்த நோட்டு, பத்துப் பக்கமும், கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. செத்தும் அந்த மனுஷன் இவ சொன்ன சொல்லுக்கு உக்காந்திருக்காரு. பயத்தைவிட அந்த வேதனை பெரிசா இருந்துச்சுன்னு சொன்னாளாம்.

திரும்பி வந்தா. கண்ணாடி முன்னாடி நின்னா. வலது கையைத் தூக்குனா.

ஹெட்போன்ல குரல் ஒரு கணம் உயர்ந்துச்சு. பாத்துட்டாரு.

மெதுவா... கையை இறக்குனா.

நின்னுடுச்சு. பச்சைக் கோடு அப்படியே படுத்துக்கிச்சு. பஞ்சு உறை அசையல. சுகிர்தா உள்ளே பேசுற சுவிட்சை அமுக்கி, "என்னை மன்னிச்சிடுங்க ஐயா... என்னை மன்னிச்சிடுங்க"ன்னு விக்கி விக்கி அழுதா. அப்புறம் நாற்காலி லேசா கிரீச்சுனுச்சு. யாரோ நீளமா மூச்சை உள்ளே இழுத்தாங்க. அதுக்கப்புறம் ஒரு குரல். கரகரப்பு கொஞ்சமும் இல்ல. சுத்தமான குரல்.

"அவ்ளோதானா மேடம்? நான் ஊட்டுக்குப் போவலாமா?"

அவளுக்கு சந்தோஷத்துல மேல் மூச்சு வாங்குது. அந்த மனுஷனை ஒருவழியா விட்டுட்டோம்னு இருந்துச்சு. வேற என்ன நினைப்பா? "போங்க ஐயா. நல்லபடியாப் போங்க"ன்னா.

கதவு ரப்பர் "ப்ச்"சுனு பிரிஞ்சுது. கிரீஸ் வாசனை அவளைத் தாண்டிப் போய், வராந்தாவுல எறங்கி, இல்லாமலே போச்சு. அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம். மனசு அவ்வளவு லேசு. சாராளுக்கு அனுப்பலாம்னு போனைக் கையில எடுக்கிறா...

அது தானா அடிச்சுது. சாராள்தான்.

"சுகிர்தாம்மா..." ரகசியம் பேசுற மாதிரி பேசுறாங்க. சிரிக்கிறாங்களா அழறாங்களான்னு தெரியல. "வாசல்ல அவரு கொரலும்மா. என் பேரைச் சொல்லிக் கூப்புட்றாரு. சீக்குல இருந்த கொரலு இல்ல, கண்ணாலம் ஆன புதுசுல இருந்துச்சே, அந்தக் கொரலு. ரெண்டு தபா கூப்ட்டாரு. ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். வெயிலு நல்லா கீது, ஆளு ஒர்த்தரும் இல்ல... நான் தொறக்கட்டுமாம்மா?"

ஒண்ணேகால் மணி நேர ரோடு. "போங்க"ன்னு இவ சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகல.

தொறக்காதீங்கன்னு கத்த வாயைத் திறந்தா. அதுக்கு முந்தியே போனுக்குள்ள, சாராளுக்குப் பின்னாடி, தூரத்துல... மூணாவது தடவையா அவர் கூப்பிடறது இவளுக்கே கேட்டுச்சு. "சாரா..."

"வந்துட்டேன்யா"ன்னாங்க சாராள்.

அப்புறம்... இரும்புத் தாழ்ப்பாள் கரகரன்னு விலகுற சத்தம்.