நீலச் சின்னவிரல்

மாகாணத் தேர்தல் நாள் பின்னேரம். பார்க்டேலில் நான் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு புலம்பெயர் தமிழ்ப் பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூத்தவரின் இடதுகைச் சின்னவிரல் நீலமாக இருந்தது.

“என்னக்கா, பேனை மை ஊத்துப்பட்டுப் போச்சோ?” என்று இளையவர் கேட்டார்.

“இல்லை, நானே பூசினனான். வோட்டுச் சீட்டில புள்ளடி போட்டிட்டு, மை பூசுங்கோ எண்டு விரலை நீட்டினன். அங்க இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை முழுசிச்சுது. இஞ்ச அந்த வழக்கம் இல்லையாம். வெளியில வந்து என்ர பேனையை எடுத்துப் பூசினன்.”

“உங்களுக்கென்ன விசரே?”

“அப்ப ஊரில வோட் போடக்கூடாதெண்டு ஆயுதக்காரங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தவங்கள். நான் போய்ப் போட்டனான். பிறகு மையைக் கண்டால் வீட்டை வந்திடுவாங்களெண்டு பயம். தேசிக்காய்ப் புளியால தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே உரிஞ்சு போச்சு. அப்பவும் மை போகேல்லை. ஒரு கிழமையா சீலைத் தலைப்புக்குள்ளதான் கை.”

இளையவர் கைப்பேசியில் மணி பார்த்தார்.

“சரி, இப்ப கிச்சினுக்கெல்லோ போறம். சூப்பர்வைசர் கழுவச் சொல்லுவான்.”

“கிளவுஸ் போடுறன். கழுவமாட்டன்.”

“பஸ்ஸில எல்லாரும் பாக்கினம் அக்கா. ஆரும் என்னெண்டு கேட்டால்?”

“கேக்கட்டும். கேக்கத்தானே பூசினனான்!”

அவர்கள் இறங்கும் தரிப்பு நெருங்கியது. மூத்தவர் எழுந்து, மணிக்கயிற்றை அந்தச் சின்னவிரலாலேயே இழுத்தார்.