திட்டுக்குள் தூங்கிய பால் ஆமை

மன்னார்குடி பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். "ஒரு ஆமைக்காக எங்க ஓவர்சியர் இன்னும் அளவே முடிக்கலக்கா" என்றாள் இளையவள். நானும் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன், காதைத் தீட்டிக்கொண்டேன்.

குளம் வெட்டும்போது ஆழம் பார்க்க நடுவில் ஒரு மண் திட்டை வெட்டாமல் விடுவார்கள். அளந்து எழுதியதும் அதையும் வெட்டியாக வேண்டும். விதி அப்படி.

"அந்தத் திட்ட வெட்டப் போனேன். மண்ணு பொளந்து ஓடு தெரிஞ்சுது. பால் ஆமை. பின்னங்காலுக்குக் கதவு மாதிரி மூடி போட்டுக்கிட்டுத் தூங்குது."

"செத்ததா இருக்கும்டி."

"மூக்கு அசையுதுக்கா! மாசிலேருந்து சொட்டுத் தண்ணியில்ல, தீனியில்ல. நமக்கு ஒரு வேள டீ இல்லாட்டியே தல சுத்துது."

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க."

"அது எங்க நம்ம வீட்டுல புகுந்துச்சு? நாமதான் அது வீட்டுக்குள்ள மம்புட்டியோட புகுந்திருக்கோம்."

மூத்தவள் சிரித்தாள். "வேற குளத்துல விடுறதுதானே?"

"எல்லாக் குளமும் காஞ்சுல்ல கெடக்கு. வெட்ட மாட்டோம்னு அத்தன பேரும் மம்புட்டியக் கீழ போட்டுட்டோம்."

"ஓவர்சியர் சத்தம் போடலையா?"

"குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் புத்தகத்துல எழுதுனத எங்களுக்கும் படிச்சுக் காட்டுனாரு: 'திட்டின் உயரத்தில் சந்தேகம். குளத்தில் தண்ணீர் வந்தபின் மறு அளவு.'"

தண்ணீர் வந்த குளத்தில் மூழ்கிய திட்டை யாராலும் அளக்க முடியாது. நானும் முப்பது வருடம் அளவுப் புத்தகம் எழுதினேன். இவ்வளவு நேர்த்தியான ஒரு பொய்யை எழுத எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.