வலை கட்டாத கோல்

லண்டன் மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் ஹரோவை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே கோட்டுப் போட்ட இரண்டு யாழ்ப்பாணத்துக் கிழவர்கள்.

“அது கோல்தான் ஐசே!” என்று ஒருவர் தொடையில் அடித்துச் சொன்னார்.

“முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தின புட்போல் மட்ச். இப்ப ஏன்?” என்றார் மற்றவர்.

“எங்கட அப்பா அடிச்சது! அந்த சீசன் முழுக்க எங்கட கொலிஜ் வெண்டது. கடைசி மட்சிலைதான் உங்கட ஆக்கள் பந்து கம்பத்துக்கு வெளியாலை போனதெண்டு சண்டை பிடிச்சு ட்ரோ ஆக்கினவை.”

“வலை கட்டாத காலம். ஆருக்குத் தெரியும்?”

“கோல் காத்தவருக்குத் தெரியும். உம்மட அப்பாவுக்கு!”

மற்றவர் ரயில் பெட்டிக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஓம், உள்ளாலைதான் போனது. அப்பாவே வீட்டிலை சொன்னவர்.”

முதலாமவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அப்ப ஒரு மட்சும் விடாமல் வெண்டிட்டம்! ஏன் ஐசே இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“எங்கட கொலிஜ் ஆக்கள் கேட்டால் என்னை உயிரோடை விடாங்கள். நல்லகாலம், இதுக்குள்ளை ஒரு தமிழரும் இல்லை.”

நான் ஆங்கிலப் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். அந்த நிமிடத்தில் தோற்றுப்போன கொலிஜில்தான் நானும் படித்தேன்.